கோடு விழும் சத்தம்

கண்ணாடிக் கடையில் முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் அவருடையது. கல்யாணமான புதிதில் பேசி முடித்த பாகப்பிரிவினை அது. வந்து நிற்பவர்களிடம் அளவு கேட்பது, பேரம் பேசுவது, முகம் கோணாமல் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பி வைப்பது எல்லாம் அவள். பலகைத் தடுப்புக்குப் பின்னால், கம்பளி விரித்த பெரிய மேசையில் கண்ணாடி வெட்டுவது அவர். தெருவில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர், அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கம் நடப்பதை அவள் காதால் பார்த்துவிடுவாள். கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தால், பட்டுத்துணி கிழிகிற மாதிரி 'சர்ர்ர்' என்று வரும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வந்தால் கோடு சரியாக விழுந்திருக்கிறது. பிறகு மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து, 'டக்', வேலை முடிந்தது. நடுவில் விக்கினாலோ கிறீச்சிட்டாலோ கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். போட்ட கோட்டின்மேல் மறுபடி இழுக்கவும் முடியாது.

மாஸ்டர் குடிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காதைத் தீட்டி வைத்திருந்தாள். சத்தம் சீராக வந்தால் மனிதர் இன்றைக்குச் சுத்தம். விக்கினால், நேற்று ஊற்றிக்கொண்டதன் மிச்சம். சுத்தமான நாளில் உள்ளே ஒரு டீ போகும். மற்ற நாளில் டீக்குப் பதிலாக ஒரு குத்தல் போகும்.

"என்னங்க, அது கண்ணாடியா, பூனை வாலா? இப்படிக் கத்துது?"

உள்ளேயிருந்து பதில் வராது. முன்பெல்லாம் வரும். "பூனைதான். முன்னால உக்காந்திருக்கு" என்று வரும். டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தால் டம்ளர் போன வேகத்தில் திரும்பி வரும். இப்போது இரண்டு வருஷமாகச் சர்க்கரையே போடாமல் கொடுத்தாலும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறார்.

"தம்பிக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்றாள் அண்ணி. மாஸ்டரின் அக்கா. மாடியில் இருப்பவள், பகலெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருப்பவள். "சின்ன வயசுல எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்வான். இப்ப பாரு, பச்சப்புள்ள மாதிரி கொடுத்ததைக் குடிக்கிறான்."

"நாக்கு செத்துப்போச்சு அண்ணி, வேற என்ன. ஊத்தி ஊத்தி நாக்கே செத்துப்போச்சு."

அன்று காலை சத்தம் சீராக வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. ஒவ்வொன்றும் பட்டு. அவளுக்குத் தரை கால்களுக்குக் கீழே கெட்டியானது போல இருந்தது. காரணம் இருந்தது. நடனப் பள்ளிக்காரி புதுக் கூடம் கட்டியிருந்தாள். ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை, முகம் பார்க்கும் கண்ணாடி. அடுத்த வாரம் திறப்பு. எதிர்த்தெருக் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த வேலை. "மாஸ்டர் கைதான் வேணும்" என்று நடனக்காரி இங்கே கொடுத்திருந்தாள். மாஸ்டரின் கை போய்விட்டது என்று தெருவில் பேச்சு கிளம்பியிருந்த நேரத்தில் வந்த வேலை அது. இதைச் செய்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும்.

"அண்ணி, கேட்டீங்களா? தேன் மாதிரி போகுது."

"நான் வேண்டிக்கிட்டது வீண் போகல."

"நான் திட்டினது வீண் போகலன்னு சொல்லுங்க."

டீ போட்டு உள்ளே கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக. அவர் குடித்துவிட்டு, கூடத்துச் சுவரை இன்னொரு தடவை அளந்துவிட்டு வருவதாகக் கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு ஒருத்தி படச் சட்டத்தோடு வந்து நின்றாள். உள்ளங்கை அகலக் கண்ணாடி. இதற்கு மாஸ்டர் எதற்கு என்று கண்ணாடிக்காரம்மாவே உள்ளே போனாள். மேசைக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு மண்ணெண்ணெய் பாட்டில்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டரின் சக்கரத்தில் இரண்டு சொட்டு விட்டாள். ஒரு சொட்டு விரலில் வழிந்தது.

விரல் குளிர்ந்தது. பிறகு காய்ந்துவிட்டது.

மண்ணெண்ணெய் காயாது. பிசுபிசுவென்று நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு கிடக்கும். சோற்றில்கூட மணக்கும். அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். இந்த அறையில் மண்ணெண்ணெய் வாசனைக்கு நடுவே அது தெரியாது. விரல்நுனியில் தெரிந்தது.

படச் சட்டக்காரியிடம், "நாளைக்கு வாங்கம்மா" என்றாள். முகம் கோணியிருக்கத்தான் வேண்டும், அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தபோது பாட்டில் மேசையின் நடுவில் நின்றது. பக்கத்தில் அவள்.

"இது என்னங்க?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பூசி மெழுகுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கு வேண்டிய பதில்களைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அவர், "சரக்கு" என்றார்.

"இன்னிக்கும் குடிச்சீங்களா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க. கோடு அவ்வளவு சுத்தமா விழுந்துச்சே. நான் கேட்டேனே."

"குடிச்சதாலதான் விழுந்துச்சு."

"என்னது?"

"காலைல எழுந்ததும் கை ஆடும். ரெண்டு மூடி உள்ள போனாத்தான் நிக்கும். நின்னாத்தான் கோடு விழும்."

அவள் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ கோடு கிறீச்சின்னு வந்த நாளெல்லாம்?"

"அன்னிக்குக் குடிக்கல."

"குடிக்காமலா?"

"விட்டுடலாம்னு பாப்பேன். ஒரு நாள் இருப்பேன். சில வாரம் ரெண்டு நாள். கை நடுங்கும், வேர்க்கும். கோடு கோணிக்கும்."

"அன்னிக்குத்தானே நான்..."

"ஆமா" என்றார் மாஸ்டர். குற்றம் சொல்கிற குரல் அல்ல. கண்ணாடியின் அளவு சொல்கிற குரல். "அன்னிக்கு டீ வராது."

இரண்டு வருஷம். விட முயன்ற நாளிலெல்லாம் குத்தல். குடித்த நாளிலெல்லாம் சர்க்கரை தூக்கலாக டீ. தன் காதின்மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம்.

"ஏங்க சொல்லல?"

"என்ன சொல்றது? நீ சந்தோஷமா கேட்டுட்டு இருந்தே."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணி இறங்கி வந்தவள் பாட்டிலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "இப்பவே."

"இரும்மா, இரு" என்றாள் அண்ணி. முதல் அதிர்ச்சி போனதும் அவளுக்குக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். "போக வேண்டாம்னு யாரு சொன்னா. அடுத்த வாரம் போ. இந்த நடனக்காரி வேலை முடியட்டும். குடிச்சாத்தான் கை நிக்குதுன்னு அவனே சொல்றான் இல்ல? இத்தனை நாள் குடிச்சவன் இன்னும் ஒரு வாரம் குடிச்சா குடியா முழுகிடும்? வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு, தலை நிமிர்ந்து டாக்டர்கிட்ட போகட்டும்."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் அக்காவின் பக்கம் இருந்தார். வாயால் இல்லை, கண்ணால்.

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றார். "ஒரு வாரம்தானே. இதுவும் கை நழுவிப் போனா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகள் அவளுக்கு வேறு மாதிரி கேட்டன. இரண்டு வருஷமாகக் கண்ணாடியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் மனிதனின் சத்தத்தைக் கேட்டாள். நடுவில் விக்கியது.

அவள் போனை எடுத்தாள்.

"டீச்சர், கண்ணாடிக் கடைலேர்ந்து பேசறேன். உங்க வேலையை எதிர்த்தெருக் கடையில கொடுத்துடுங்க. அளவெல்லாம் நானே அவர்கிட்ட கொடுத்துடறேன்."

"ஏம்மா, மாஸ்டருக்கு என்ன?"

"உடம்பு சரியில்ல."

"என்ன உடம்பு?"

அண்ணி கையை வீசி வீசிக் காட்டினாள். காய்ச்சல் என்று சொல், முதுகுவலி என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடி டீச்சர். மனசும் சரியில்ல. வைத்தியம் பாக்கப் போறோம்."

அந்தப் பக்கத்திலிருந்து, "போய்ட்டு வாங்க. பெரிய வேலை போச்சேன்னு நினைக்காதீங்க" என்று வந்தது.

போனை வைத்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள். "குடின்னு சொன்னதோட விட்டிருக்கலாம். மனசுன்னு எதுக்குச் சொன்னே? நாலு பேர் என்ன நினைப்பாங்க? நம்ம குடும்பத்துல யாருக்கும் மனசு சரியில்லாமப் போனது கிடையாது. எங்க அப்பாவுக்குக்கூட வெறும் குடிதான்."

"உங்க அப்பா ஏன் குடிச்சார்னு யாராவது கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டா அடிப்பாரு."

"இவர் அடிக்கிற ஆள் இல்ல. கேட்டுத்தான் பாப்போமே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதில் சின்னவள். பேனாவை மூடிவைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எது முதல்ல வந்துச்சு? குடியா, இந்தச் சோர்வா?"

"குடிதான்" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"அவர் சொல்லட்டுமே."

மாஸ்டர் தன் கைகளை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டார். "முதல்ல தூக்கம் போச்சு. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். நெஞ்சு மேல ஒரு முழுக் கண்ணாடி ஷீட்டை வெச்ச மாதிரி இருக்கும். தூக்கவும் முடியாது. தள்ளிவிட்டா உடைஞ்சிடும்னு பயம். அப்படியே கிடப்பேன்."

"அப்போ குடிச்சீங்களா?"

"அப்போ இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு, ஒரு வேலை முடிஞ்சப்போ யாரோ கொடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி ஷீட் இறங்கிடுச்சு. நல்லாத் தூங்கினேன். மறுநாள் ஏறிடுச்சு. சரி, மறுபடி இறக்கலாம்னு... போகப்போக இறங்குறது கொஞ்சமாவும் ஏறுறது அதிகமாவும் ஆயிடுச்சு. இப்போ ரெண்டு ஷீட்."

"ரெண்டாவது ஷீட்டை வெச்சது குடிதான்" என்றாள் டாக்டர். "இறக்கிவைக்கிற மாதிரி காட்டிட்டு, மேல ஒண்ணை வெச்சிட்டுப் போயிருக்கு. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா?"

இப்படி நேராகக் கேட்பார்களா என்று அவள் திடுக்கிட்டாள். மாஸ்டர் திடுக்கிடவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர் போல இருந்தார்.

"தோணும். ஏதாவது செஞ்சுக்கணும்னு இல்ல. தூங்கினவன் அப்படியே எழுந்திருக்காம இருந்தா தேவலாம்னு."

"வீட்ல சொன்னீங்களா?"

"காலைல கடை திறக்கணுமே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர், குடியை நிறுத்தணுமா, மனசைச் சரிபண்ணணுமா? எதை முதல்ல செய்யணும் சொல்லுங்க, செஞ்சிடறேன்."

"ரெண்டையும் சேர்த்துத்தான். ஒண்ணை மட்டும் துரத்தினா இன்னொண்ணு அதைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடும். அப்புறம், வீட்ல வெச்சுத் திடீர்னு நிறுத்தக் கூடாது. இவ்வளவு நாள் குடிச்ச உடம்பு, வலிப்புகூட வரலாம். அவர் தனியா நிறுத்திப் பாத்த நாள்லயெல்லாம் ஒண்ணும் ஆகாம இருந்ததே பெரிசு. இங்க இருக்கட்டும். மருந்து கொடுத்து நிறுத்துவோம்."

"ஒரு வாரம் தள்ளிப் போடலாம்னு எங்க அண்ணி..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வேலையே வேண்டாம்னு போன் போட்டுட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இளைத்திருந்தார். ஆனாலும் குடித்த முகத்தின் ஊதல் வற்றி, பழைய மூக்கும் தாடையும் தெரிந்தன. எதிர்த்தெருக் கடைக்காரர் கூடத்துக் கண்ணாடிகளைப் பொருத்தி முடித்திருந்தார். தெரு வழக்கம்போல அதை வாயில் போட்டு மென்றது. அவள் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். "மாஸ்டருக்குக் குடியாமே?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, குடி. மருந்து சாப்பிடறார். உங்களுக்கு என்ன அளவு வேணும்?" என்றாள். நேரே சொல்லிவிட்டதில் மெல்லுகிறவர்களுக்குத்தான் வாய் வலித்தது.

மருந்து உடனே வேலை செய்யவில்லை. மனசுக்கான மாத்திரைக்குச் சில வாரங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அந்த வாரங்களில் அவர் சும்மா மேசை முன்னால் நிற்பார். கழிவுத் துண்டுகளில் கோடு போட்டுப் பார்ப்பார். கிறீச். விக்கல். தாறுமாறாக உடையும் ஓசை.

முதல் கிறீச் வந்தபோதே அவள் எழுந்துபோய் டீ போட்டாள்.

"இதுக்கா டீ?" என்றார் மாஸ்டர்.

"இதுக்குத்தான். பாக்கி டீயெல்லாம் சேர்த்து வரும்."

அவர் குடித்தார். சர்க்கரை போட்டாளா இல்லையா என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படியே நாட்கள் போயின. கடையில் கிறீச்சும் டீயுமாக. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவள் மட்டும் நிம்மதியாகக் கண்ணாடி துடைக்கிற துணியை மடிப்பாள். அண்ணிக்குத்தான் தாங்கவில்லை. "உலகத்துலேயே கண்ணாடி கோணலா வெட்டுறதுக்கு டீ கொடுக்கிற கடை இது ஒண்ணுதான்" என்றாள்.

ஒரு நாள் நடனப் பள்ளிக்காரியே வந்தாள்.

"கூடத்துல கதவுப் பக்கம் ஒரு சந்து மிச்சம் இருக்கு மாஸ்டர். சுவரே நேரா இல்ல. மேல ரெண்டு விரல், கீழ நாலு விரல். எதிர்த்தெருக் கடைக்காரர் மூணு தடவை வெட்டிப் பாத்துட்டுக் கைவிட்டுட்டார். இப்போதைக்குத் திரை போட்டு மறைச்சிருக்கேன்."

"கோணல் சுவர்" என்றாள் அண்ணி. "இங்கதான் சரியா வந்திருக்கீங்க. என் தம்பி இப்போ கோணல்லயே கை தேர்ந்தவன்."

மாஸ்டரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவள் பார்த்ததில் அதுதான் சிரிப்புக்குக் கிட்டத்தில் வந்தது. "நாளைக்கு வாங்க" என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் கல்லாவில் இருந்தாள். அண்ணி ஸ்டூலில் இருந்தாள். தடுப்புக்குப் பின்னால் அளவுகோல் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்.

முதலிலிருந்து கடைசிவரை, ஒரு விக்கல் இல்லாமல், பட்டு. பிறகு, டக்.

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "அடப்பாவி" என்று முணுமுணுத்தாள். "ஆரம்பிச்சிட்டானா?"

அவளும் அதைத்தான் நினைத்தாள். இது எந்தச் சத்தம்? கை தேறி வந்த சத்தமா, இரண்டு மூடி உள்ளே போன சத்தமா? இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எத்தனை தீட்டினாலும் இந்தக் காது அதைச் சொல்லாது. மேசைக்கு அடியில் குனிந்து பாட்டிலைத் தேடலாம். ஒவ்வொரு நாளும் தேடலாம்.

அவள் எழுந்து உள்ளே போனாள். மேசைக்கு அடியில் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குடிச்சீங்களா?"

மாஸ்டர் கட்டரைக் கீழே வைத்தார். ஒல்லியாக, ஒரு பக்கம் சரிந்து, அந்தக் கண்ணாடித் துண்டு கம்பளிமேல் கிடந்தது. விளிம்பு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"வாயை மோந்து பாரேன்."

"மோக்க மாட்டேன். கேக்கிறேன், சொல்லுங்க."

"இன்னிக்கு இல்ல."

அவள் காத்திருந்தாள். வாக்கியம் முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"போன வாரம் ஒரு நாள்" என்றார். "ஷீட் ரொம்ப அழுத்துச்சு. போய்ட்டேன். மறுநாளே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். மாத்திரையை மாத்தியிருக்காங்க. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

"இப்போ வந்துடுச்சு இல்ல."

"நீ கேட்டே."

"இனிமே தினம் கேப்பேன்."

"கேளு."

"சலிச்சுக்கக் கூடாது."

"சலிச்சுப்பேன்" என்றார் மாஸ்டர். "ஆனா சொல்லுவேன்."

அவள் வெளியே வந்து டீ போட்டாள். டம்ளரைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, அந்தச் சரிந்த துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அதில் தன் முகம் தெரிந்தது. ஒரு காது விட்டுப் போயிருந்தது. அவ்வளவு ஒல்லி.

"கதவுப் பக்கத்துக்கு இது போதும்ல?" என்றாள்.

திரும்பினாள். மாஸ்டர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஏதோ பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்தவர்போல அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை எங்கே?" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வந்துட்டான்யா குத்தம் சொல்ல."

அவள் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "நாக்கு மட்டும் நாலு முழம்" என்றாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி போட்டாள், இன்னொரு கரண்டியும் போட்டு, சத்தம் உள்ளேவரை கேட்கும்படி நன்றாகக் கலக்கினாள்.